ஒரு நாள் பனிச்சறுக்கு: எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

வாசகர் கடிதம்:

வருகிற சனிக்கிழமை நானும் மூன்று நண்பர்களும் பனிச்சறுக்குப் போவதாக இருக்கிறோம். நாங்கள் ஆசைப்படும் பெரிய மலை 410 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போன் 4 மணி 45 நிமிடம் என்று காட்டுகிறது. வெள்ளி இரவு 11 மணிக்குப் படுத்து, 2.15க்கு எழுந்து, 3 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குப் போய்விடலாம். சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டை நிறுத்தும்வரை சறுக்கிவிட்டு அன்றிரவே வீடு திரும்பத் திட்டம். தங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வீணாகிவிடும். கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆனால் இரவில் ஓட்டிப் பழக்கம் உண்டு. இதுவரை ஆறு முறை சறுக்கியிருக்கிறேன். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு சின்னக் குன்றும் இருக்கிறது. அங்கே போனால் அரை மணியில் அலுத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ‘ஒரு நாள் கூத்துக்கு மீசையை எடுக்கிற கதையாக இருக்கிறதே’ என்கிறாள் மனைவி. ஒரே நாளில் போய்வர அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டலாம்? சுற்றி வளைக்காமல் ஓர் எண்ணாகச் சொல்லுங்கள். இன்னொன்று, வழியில் தூக்கம் வந்தால் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டுக்கொண்டு காரிலேயே தூங்கலாமா?

பனிச்சறுக்குத் தள மீட்புப் பணியாளரின் பதில்:

எண் கேட்டீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்தால் மூன்றரை. இது போன் காட்டும் நேரமல்ல. குளிர்காலச் சாலையில், வழியில் நிறுத்தி இறங்கி ஏறுவதையும் சேர்த்து, உண்மையிலேயே ஆகும் நேரம். போன் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலேமுக்கால் மணி நேரப் பயணம் இந்தக் கணக்குக்குள் எந்த வகையிலும் அடங்காது.

கிலோமீட்டரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் தூரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது யாராவது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் என்று பெருமையாகச் சொன்னால், திரும்பிப் போகும்போது மணி எத்தனை ஆகும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. போகிற பயணத்தை ஆசையே ஓட்டிவிடும். திரும்புகிற பயணத்துக்கு உடம்பில் மிச்சம் இருப்பதுதான் பெட்ரோல்.

உங்கள் திட்டத்தையே மணி பார்த்துப் பிரித்துப் பார்ப்போம். 2.15க்கு எழுகிறீர்கள். 3 மணிக்குக் கிளம்பி, எல்லாம் நல்லபடியாக நடந்தால் 8 மணிக்கு மலையடிவாரம். கார் நிறுத்த இடம் தேடி, வாடகைக்குப் பலகையும் பூட்ஸும் எடுத்து, சீட்டு வாங்கி, முதல் லிஃப்டில் உட்காரும்போது 9.15. மாலை 4 மணிக்கு லிஃப்ட் நிற்கிறது. ஈரத் துணி மாற்றி, வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்து, கழிப்பறை போன நண்பருக்காகக் காத்திருந்து, வண்டி நகர 4.45. ஆனால் அன்றைக்கு அந்த மலையில் இருந்த அத்தனை பேரும் அதே நேரத்தில்தான் கிளம்புவார்கள். பெரும்பாலான மலைகளிலிருந்து கீழே இறங்க ஒரே ஒரு சாலைதான் இருக்கும். ஆகவே திரும்புவதற்குக் குறைந்தது ஐந்தேமுக்கால் மணி நேரம் வையுங்கள். வீடு சேரும்போது இரவு பத்தரை. நீங்கள் கண் விழித்து இருபது மணி நேரம் தாண்டியிருக்கும்.

தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைகால் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 2000ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். உங்கள் 17வது மணி நேரம் இரவு 7.15க்கு முடிகிறது. அப்போது நீங்கள் பாதி வழிகூட வந்திருக்க மாட்டீர்கள். அதுவும் முந்தின இரவு ஒழுங்காகத் தூங்கியவர்களை வைத்துச் செய்த கணக்கு. நீங்களோ மூன்றேகால் மணி நேரம்தான் தூங்கியிருப்பீர்கள். அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016ல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய 24 மணி நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி ஓட்டியவர்கள் விபத்தில் சிக்கிய விகிதம், ஏழு மணி நேரமாவது தூங்கியவர்களைப்போல 11 மடங்குக்கும் மேல். நான்கு முதல் ஐந்து மணி நேரம் தூங்கியவர்களுக்கே நான்கு மடங்குக்கும் மேல்.

‘இரவில் ஓட்டிப் பழக்கம் உண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். உங்கள் சனிக்கிழமைக் கணக்கு பத்தேமுக்கால். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநருக்கு 11 மணி நேரம் வரை அனுமதி உண்டு. ஆனால் வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து 14 மணி நேரம் கழிந்துவிட்டால், நடுவில் ஓய்வெடுத்திருந்தாலும் சரி, ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. நீங்கள் அதிகாலை 3 மணிக்குத் தொடங்குகிறீர்கள். 14 மணி நேரம் முடிவது மாலை 5 மணிக்கு. அதாவது மலையிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரத்தில், தொழில்முறை ஓட்டுநராக இருந்தால், வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டியவர் நீங்கள். அந்த ஓட்டுநர்கள் நடுவில் ஏழு மணி நேரம் மலைச்சரிவில் முழங்காலை மடக்கி நிற்பதும் இல்லை.

அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதம் எழுதுகிற யாருமே அதைக் களைப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. விளையாட்டுதானே என்று விட்டுவிடுகிறார்கள். படி ஏறுவதைவிட மலை இறங்கிய மறுநாள் தொடை அதிகம் வலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாரம் தாங்கிக்கொண்டே நீளவேண்டியிருக்கும் தசைக்குத் தேய்மானம் அதிகம். பனிச்சறுக்கில் ஒவ்வொரு திருப்பமும் அப்படித்தான். ஆறு முறை மட்டுமே சறுக்கியவருக்கு இன்னும் கஷ்டம், தேர்ந்தவர் உடல் எடையை எலும்பில் இறக்கி நிற்கிற இடத்தில் நீங்கள் தசையை இறுக்கிப் பிடித்து நிற்பீர்கள். இதோடு உயரம் சேர்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டிருந்தாலும் மாலையில் கண் மணல் விழுந்தாற்போல் இருக்கும். மலைக்காற்று வறண்டது, மூச்சு வழியாகவே உடம்புத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், குளிரில் தாகமும் தெரியாது. அப்படியே வந்து காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டால் என்ன ஆகும்? பத்து நிமிடத்தில் பின்சீட்டில் மூன்று தலைகள் சாயும். நான்காவது தலை உங்களுடையது, அதற்கும் சாயத்தான் ஆசை.

எனக்கே நடந்திருக்கிறது. விடுமுறை நாளில் இன்னொரு மலைக்குப் போய்விட்டு, இரவு எட்டு மணிவாக்கில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிறது என்றுகூடத் தோன்றவில்லை, நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, சாலை ஓரத்தில் வெட்டிவைத்திருக்கும் வரிகள் டயரில் உரசி டர்ர்ர் என்று ஸ்டீயரிங் வரைக்கும் அதிர்ந்ததுதான். சிவப்பு விளக்கு எங்கேயோ தூரத்தில் இருந்தது. நான் கண்ணை மூடியது எனக்குத் தெரியாது, எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் நான்கு விநாடி கண் அசந்தால் கார் 110 மீட்டர் தானாகவே போயிருக்கும். ஜன்னலைத் திறந்தேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், கன்னத்தில் தட்டிக்கொண்டேன். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அதனால் விழித்திருக்க முடிந்தது ஐந்து நிமிடம். பிறகு ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திக் காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்கினேன். காபி உடம்பில் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் பிடிக்கும், அதனால் குடித்த கையோடு தூங்கிவிடுவது நல்லது. எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுந்தபிறகு மண்டை மந்தமாகவே இருக்கும், உடனே வண்டியை எடுக்கக்கூடாது. இந்தக் காபித் தூக்கம் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரப் பயணத்தைக் காப்பாற்றும். ஐந்தேமுக்கால் மணி நேரப் பயணத்தை அதை நம்பித் திட்டமிட முடியாது.

சாலையும் காலையில் இருந்த சாலையாக இருக்காது. பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகி, தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அந்தத் தண்ணீர் உறைந்து கண்ணாடி ஆகிவிடும். வெறும் ஈரம் போலத்தான் தெரியும். பாலங்களின் மேல் இன்னும் சீக்கிரம் உறையும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். மணிக்கு 80 கிலோமீட்டரில் பிரேக்கை மிதித்தால் உலர்ந்த தாரில் கார் சுமார் 36 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 100 மீட்டர் ஆகும். பனிக்கட்டி மேல் என்றால் 250 மீட்டர்கூடப் போதாது. காலையில் உங்கள் மூளை பிரேக் என்று சொல்வதற்கும் கால் மிதிப்பதற்கும் இடையே ஒரு விநாடி என்றால், இரவு அதுவும் நீண்டிருக்கும். டயர் பற்றிய பேச்சை இரண்டு வரியில் முடிக்கிறேன்: மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றேகால் மணி நேரக் குன்றுக்கும் போக வேண்டாம்.

இவ்வளவுக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9.15 முதல் 4 மணி வரை ஆறேமுக்கால் மணி நேரம். சாப்பாடு, கழிப்பறை, கழன்ற கையுறை, தொலைந்த நண்பர் எல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சும். வேகமான நாற்காலி லிஃப்ட் விநாடிக்கு ஐந்து மீட்டர் போகும், ஒன்றரை கிலோமீட்டர் ஏற ஐந்து நிமிடம். பழைய ரக லிஃப்ட் என்றால் அதைப்போல இருமடங்கு. சனிக்கிழமை வரிசையில் எட்டு நிமிடம். மேலே நான்கு பேரும் சேர்ந்து, தடியைச் சரிசெய்து, படம் எடுத்துக்கொள்ள மூன்று நிமிடம். பிறகு நான்கு நிமிடத்தில் கீழே. ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் என்றால் அன்றைக்கு மொத்தம் பதினைந்து சுற்று. பதினைந்து முறை நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் சறுக்கப் பத்தேமுக்கால் மணி நேரம் காரோட்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லிஃப்டில் நண்பர்களோடு தொங்கிக்கொண்டு போவதும் சுகம்தான், உச்சியில் நின்று பார்ப்பதும் சுகம்தான், மறுக்கவில்லை. நானும் அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

அந்தச் சின்னக் குன்றைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இருபது முப்பது ஆண்டு சறுக்கியவருக்கு அங்கே அலுக்கலாம். ஆறு முறை சறுக்கியவருக்குத் தேவை திருப்பங்களின் எண்ணிக்கை. சரிவு குட்டையாக இருந்தால் லிஃப்ட் சீக்கிரம் மேலே கொண்டுவந்து விடும், மறுபடி அதே இடத்தில் அதே திருப்பத்தைப் போட்டுப் பார்க்கலாம். பெரிய மலையில் நீங்கள் தப்பாகப் போட்ட திருப்பத்தைத் திருத்த இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் எப்படிப் போட்டோம் என்பதே மறந்துவிடும். ஏழு மணி நேரம் தூங்கிக் காலையில் எழுந்து, ஒன்பது மணிக்கு அங்கே நின்று, ஒரு மணி நேரம் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு, இரண்டு மணிக்குக் கிளம்பி வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போகலாம். ஒரே மாதத்தில் இப்படி மூன்று சனிக்கிழமை போனால், பெரிய மலைக்குப் போகும்போது அங்கே நீங்கள் வேறு ஆளாக நிற்பீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உட்காரவிடாமல் செய்த வரிக்கு வருகிறேன். ‘கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.’

மாலை மூன்றரை மணிக்குச் சரிவில் யாராவது விழுந்து, ஸ்லெட்டில் படுக்கவைத்துக் கீழே இழுத்து வரும்போது, பெயர், வயது, எங்கே வலி எல்லாம் கேட்டபிறகு நான் கேட்கும் கேள்வி: ‘கார் சாவி யார் பையில் இருக்கிறது?’ பேச்சுக்கொடுக்கத்தான் முதலில் கேட்க ஆரம்பித்தேன். ஒரு குளிர்காலத்தில், ஏறக்குறைய உங்களைப் போலவே, நான்கு பேர் அதிகாலையில் கிளம்பி வந்திருந்தார்கள். ‘கடைசி ஒரு சுற்று’ என்று போனதில் ஒருவருக்கு வலது முழங்கால் திருகிவிட்டது. பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங் கழலவில்லை, பலகை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான், பலத்த அடி என்றால் பெரும்பாலும் ஏசிஎல் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்லும், முழங்காலுக்குள் இருக்கும் தசைநார். அவர் வலியைவிட வேறு எதற்கோ பயந்துபோய் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைப் பற்றிக் கேட்டதும் ஜாக்கெட்டின் மார்புப் பையைத் தொட்டுக் காட்டினார். மற்ற மூவரும் பக்கத்தில் நின்றார்கள். மூவருக்கும் ஓட்டத் தெரியாது. கடைசிப் பேருந்து போயிருந்தது. ‘இடது காலாக இருந்திருந்தாலாவது...’ என்று அவர் தானாகவே சொல்லிக்கொண்டார். இடது காலாக இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கார் ஒரு வாரம் பனி மூடி எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது.

ஆகவே ஓட்டுநர் ஒருவர் என்றால், அந்த ஒருவர் அன்றைக்கு மற்றவர்களைவிடக் குறைவாகச் சறுக்க வேண்டும். இரண்டு மணிக்கு அவர் பலகையைக் கழற்றிவிட வேண்டும். இதை நண்பர்கள் காலையிலேயே ஒத்துக்கொள்ளாவிட்டால் மாலையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த நிபந்தனையோடு பெரிய மலைக்குப் போவதாக இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு, ஒன்பதே சுற்று. பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் செய்யும் இன்னொரு கெடுதலும் உண்டு. காற்று வீசி மேல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டால், ஒரு மணி நேரத் தொலைவிலிருந்து வந்தவர் ‘சரி, அடுத்த வாரம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஐந்து மணி நேரம் ஓட்டி வந்தவரால் அதைச் சொல்ல முடியாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மூடுபனியில், ஐந்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சறுக்குவார். களைத்தபிறகும் ‘கடைசி ஒரு சுற்று’ போவார். மாலையில் பனி கொட்டும்போது ‘காலையில் வேலை இருக்கிறது’ என்று மலைச்சாலையில் இறங்குவார். விமானிகளுக்கு இந்தப் பித்தைப் பற்றித் தனியாகவே எச்சரித்துப் பாடம் நடத்துகிறார்கள், போய்ச் சேர்ந்தே தீர வேண்டும் என்கிற அந்தப் பிடிவாதத்தால் விழுந்த விமானங்கள் உண்டு என்பதால். திரும்பிவிடலாம் என்று சொல்ல மனம் வராத தூரத்துக்கு ஒரு நாள் பயணம் போகக்கூடாது என்பது என் கட்சி. இரண்டரை மணி நேரம் என்று நான் கோடு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பத்து மணிக்குப் படுத்து, ஐந்தேகாலுக்கு எழுந்து, ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டரைக்குப் போய்ச் சேர்ந்து, மூன்று மணிக்குத் திரும்பினால் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது மாலை ஐந்தரை ஆறு. விழித்துப் பதிமூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. நடுவில் முடியாமல் போனாலும் அரை நாள்தான் நஷ்டம், மனம் பெரிதாக அழாது.

பெரிய மலைக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீணாகும் என்கிறீர்கள். சனி இரவு பத்தரைக்கு வந்து படுத்தால் ஞாயிறு எப்படியும் போகத்தான் போகிறது, கட்டிலில். அதற்குப் பதில் சனிக்கிழமை ஏழு மணிக்கு நிதானமாகக் கிளம்புங்கள், வழியில் இரண்டு முறை நிறுத்துங்கள், ஒரு மணிக்குள் போய்விடலாம். பல இடங்களில் மதியத்துக்குமேல் அரை நாள் சீட்டு தருவார்கள். மூன்று மணி நேரம் சறுக்கிவிட்டுத் தூங்குங்கள். ஞாயிறு காலை லிஃப்ட் திறக்கும்போது வரிசையில் முதல் ஆட்களாக நீங்கள்தான் நிற்பீர்கள். ராத்திரியில் யந்திரம் உழுது சமன்செய்த பனியில், யாருடைய தடமும் விழாத சரிவில் இறங்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சுகம் சனிக்கிழமை முழுக்கக் கிடைப்பதற்கு ஈடு. பதினொன்றரைக்கு முடித்துவிட்டால் ஆறு மணிக்குள் வீடு. மொத்தச் சறுக்கல் நேரம் உங்கள் ஒரு நாள் திட்டத்தைவிடக் குறையாது, ஒரே நாளில் ஓட்டும் தூரம் பாதியாகிவிடும்.

உங்கள் மனைவி சொன்ன மீசைக் கதையை அவரிடம் நான் ஒத்துக்கொண்டதாகச் சொல்லலாம்.

கடைசியாக ஹீட்டர் விஷயம். தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்குவது சரி, ஆனால் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கொட்டும் பனியோ, பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியலோ புகைக்குழாயை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு அது வந்தது தெரியவே தெரியாது. இருபது நிமிடத்துக்குக் காருக்குள் இருக்கும் சூடே போதும். ஆளுக்கொரு கனமான போர்வையை வண்டியில் போட்டு வையுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு, போனில் மணி வைத்துக்கொண்டு தூங்குங்கள். சாலையில் மணிக்கணக்காகச் சிக்கிக்கொண்டு குளிர் தாங்காமல் இன்ஜினைப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டி எடுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், காற்று வராத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், நால்வரில் ஒருவராவது விழித்திருங்கள். அடுத்த முறை இன்ஜினைப் போடும் முன் மறுபடி இறங்கிப் போய்க் குழாயைப் பாருங்கள்.